நூஜினுக்குத் தோள் கொடுக்கும் பெண்கள்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் குகதாசன் அவர்களே! எனக்கு முன்னமே மைக் கிடைக்கப்பெற்ற ஞானேஸ்வரன் மாஸ்டர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குர்திஷ் தாய்மாரே! லண்டனின்ர மற்றத் தொங்கல் குட்மேய்சில் இருந்தும் ரெயின் மாறி மாறி இந்த நோர்பரிக்கு வந்த என் சொந்தங்களே! உங்கள் எல்லாருக்கும் அம்பலவாணனின் வணக்கம்.

தலைவர் எனக்கு அஞ்சு நிமிசம் தந்திருக்கிறார். மாஸ்டருக்குப் பதினைஞ்சு. பரவாயில்லை, அவர் படிச்சவர். நான் எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்கு விடை குடுத்தவன். ஆனால் ஒண்டு கேக்கிறன். வீரமங்கை நூஜின் வளர்ந்த பாண் பேக்கரிக்கும் என்ர கடைக்கும் இடையிலை என்ன இருக்கு? ஒரேயொரு சுவர்! மாஸ்டர் வீட்டுக்கு? ரெண்டு பஸ்!

வீரமங்கை நூஜின்! இஞ்சை வளர்ந்து, தன்ர சனத்துக்காகச் சண்டைக்குப் போனவள்! அங்கை அவளின் தோழி வீரமங்கை ஹாவின்! சிரியாவின் வடக்கிலை ஒரு கிராமம். கறுப்புக் கொடிக்காரர் வருகினம் எண்டு சனம் வெளிக்கிடுது. கடைசி லொறி போய்ச் சேருமட்டும் பள்ளிக்கூடக் கூரையிலை நிண்டவை இந்த ரெண்டு பிள்ளையளும்தான். மூவாயிரம் பேரை மறிச்சவை எண்டு நான் சொல்லுவன். முப்பது எண்டு நூஜினின் தாய் குலிஸ்தான் அக்கா சொல்லுறா. முப்பதுதான் எண்டாலும் என்ன? பார்க்கிங் வோடனைக் கண்டாலே காரோடை பறக்கிற ஆக்களல்லோ நாங்கள்!

கூரை இடிஞ்சுது. நூஜினின்ர உடம்பை எடுத்தினம். ஹாவினை எடுக்க ஏலேல்லை. நூஜினின் பெட்டி லண்டன் வந்திட்டுது. நாளைக்கு அடக்கம்.

இப்ப, ஏன் எனக்கு வயிறு எரியுது எண்டு சொல்லுறன். சண்டையிலை விழுந்த பெண்ணின்ர பெட்டியைக் குர்திஷ் ஆக்களிலை பெண்கள்தான் தூக்குவினம். ஆறு பேர். அஞ்சு பேரைக் குலிஸ்தான் அக்கா தெரிஞ்செடுத்திட்டா. நேற்று என்ர கடைக்கு வந்தா. ஆறாவது ஆளாக ஆரைக் கேட்டா? என்னையோ? என்ர மனிசி தவநாயகியை!

"அக்கா, நான் நிக்கிறன். இருபது வருசமா அரிசி மூட்டை தூக்கின தோள்" எண்டன்.

"அம்பல், நீ பின்னாலை வா" எண்டா.

தவம் இன்னும் பதில் சொல்லேல்லை. அந்தா, ரெண்டாவது வரிசையிலை தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறா. குலிஸ்தான் அக்கா அவவைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறா.

நூஜின் எப்பிடிப்பட்ட பிள்ளை? அவளுக்கு அப்ப பதினேழு வயது. மூண்டு தடியர் என்ர கடையிலை ஒரு முழு அறக்குளா மீனைத் தூக்கிக்கொண்டு ஓடினாங்கள். என்ன தலைவர்? போனமுறை ஒருத்தன் எண்டு சொன்னனானோ? சரி, ஒருத்தன். ஆனால் மூண்டு பேரின்ர உடம்பு! நான் பாய்ஞ்சிருப்பன், கல்லாவை விட்டிட்டுப் போகேலாது. நூஜின் மாப் பிசைஞ்ச கையோடை ஓடினாள். ஸ்டேசன் வாசலிலை பிடிச்சாள். மீனோடை வந்தாள். நான் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிக்கிறன். "அன்ரியிட்டைக் குடுக்கிறன் அங்கிள். நீங்கள் ஐஸ் கரையுமட்டும் கதை சொல்லிக்கொண்டு நிப்பியள்" எண்டு சொல்லித் தவத்தின்ர கையிலை குடுத்தாள்! மீன் என்ர. கடை என்ர. மரியாதை ஆருக்கு?

எனக்குப் பொறாமைதான் சபையோரே! குலிஸ்தான் அக்காவின்ர பாணுக்கு வாசல் தாண்டி நிண்ட கியூவிலை பொறாமை. அவ பெத்த பிள்ளையின்ர ஓர்மம், அந்தத் துணிச்சல், அதிலை பொறாமை. இதைச் சொல்லக் கூடாது, ஆனால் சொல்லுறன்: அந்தப் பெட்டியிலையும் எனக்குப் பொறாமை. ஓம், பெட்டியிலை! எங்கடை ஊர்ச் சண்டையிலை போன பிள்ளையளுக்கு, இந்த மண்டபத்திலை எத்தினை வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது? கையை உயர்த்துங்கோ பாப்பம்! பாத்தியளோ, ஒரு கை உயரேல்லை.

தவத்தின்ர தங்கச்சி சுசிலா ஊரிலை நடந்த கடைசிச் சண்டையிலை காணாமல் போனவ. இண்டைவரைக்கும் எங்கடை வீட்டிலை அவவுக்கு ஒரு விளக்குக் கொளுத்தேல்லை. படத்துக்கு ஒரு மாலை போடேல்லை. இரவு தவம் என்னட்டைச் சொன்னா: "எங்கடை ஆக்களிலை பெட்டிக்குத் தோள் குடுக்கிறது ஆம்பிளையள். அதுக்கில்லை நான் பயப்பிடுறது. ஒரு பெட்டியைத் தோளிலை வைச்சால், அவளும் செத்திட்டாள் எண்டு நான் ஒத்துக்கொண்ட மாதிரியெல்லோ?"

பெரிய பேச்சாளன் நான். எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். மாஸ்டரும் அதைத்தான் செய்திருப்பார்.

ஆனால் தவம், இதைக் கேளும். நாளைக்கு முன்பக்கம் ஆர் தூக்கிறா தெரியுமோ? ஹாவினின் தாய். ஜேர்மனியிலை இருந்து வந்து உமக்கு முன்னாலைதான் இருக்கிறா. தன்ர பிள்ளைக்குப் பெட்டி இல்லை. ஆனாலும் நூஜினுக்குத் தோள் குடுக்கிறா. நாங்கள் கலியாணத்துக்குப் போடுற குரவை மாதிரி, பெட்டிக்கு முன்னாலை குரவை போட்டுக்கொண்டு போகப் போறா. இந்தத் துணிவு எங்கை விக்கிறது? சொன்னால் நான் என்ர கடையிலை கொண்டுவந்து அடுக்குவன்!

சபையிலை வைச்சுக் கேக்கிறது பிழைதான். விடிஞ்சால் பெட்டி வெளிக்கிட்டிடும். ஏலாது எண்டாலும் சொல்லும், அக்கா கோவிக்க மாட்டா...

எழும்பிறா. சத்தம் போடாதையுங்கோ, எழும்பிறா. கொஞ்சம் பிலத்துச் சொல்லும் தவம், பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்கேல்லை.

கேட்டியளோ சபையோரே? "தூக்குறன். சுசிலாவை நினைச்சில்லை. அவள் வருவாள் எண்டு நான் இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். மீன் கொண்டுவந்து தந்த பிள்ளைக்காகத் தூக்குறன்" எண்டுறா!

இதுக்குமேலை நான் என்ன பேசுறது? தலைவர் மணியைப் பாக்கிறார். உறுதிமொழி ஒண்டு சொல்லிப்போட்டு இறங்கிறன். நூஜினின் பேரைச் சொல்லுற இடமெல்லாம் ஹாவினின் பேரையும் சொல்லுவம். நாளைக்குக் கடை பூட்டு. முன்னாலை ஆறு பெண்கள் போவினம். பின்னாலை, குலிஸ்தான் அக்கா விட்ட இடத்திலை, என்ர மனிசியின்ர ஹாண்ட்பாக்கைத் தோளிலை கொழுவிக்கொண்டு நான் வருவன். வழியிலை அந்த பாக்கை ஆரும் மாறித் தூக்கிறன் எண்டு கேட்டு வராதையுங்கோ. மாஸ்டர், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்.