வந்தவரை வரவில்லை என்று எழுதியவன் பேசுகிறேன்

இந்த இனிய மாலைக்குத் தலைமை ஏற்று, என் பேச்சின் நீளம் தெரிந்தும் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்ட தகைசால் பெரியவர் முத்துக்கருப்பன் அவர்களே! கல்லலிலிருந்து புழுதி பறக்க ஜீப்பில் வந்து இறங்கியிருக்கும் ஒன்றிய ஆணையாளர் அவர்களே! மண்ணை நம்பி மழையை நம்பி வாழும் உழவர் பெருமக்களே! பள்ளிவாசல் தெருவிலிருந்து திரண்டு வந்திருக்கும் இசுலாமியச் சகோதரர்களே! ஆச்சிமார்களே, அம்மாச்சிமார்களே, இடுப்பில் பிள்ளையும் கையில் விசிறியுமாக முன்வரிசையை முன்னதாகவே பிடித்துக்கொண்ட தாய்மார்களே! தேவகோட்டைக் கடைசி பஸ்ஸை எண்ணிக் கவலையோடு கடைசி வரிசையில் நிற்கும் அன்பர்களே! கவலை வேண்டாம், பஸ் டிரைவரும் உங்கள் பக்கத்தில்தான் நிற்கிறார்.

எல்லாருக்கும் மேலாக, என் வலப்பக்கம் அமர்ந்திருக்கும் அல்லாபிச்சை அவர்களே! நான் பேசுவதில் ஓர் எழுத்துகூட அவர் காதில் விழாது. பிறவியிலிருந்தே அவருக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. அவருடைய துணைவியார் பல்கீஸ் பக்கத்தில் அமர்ந்து, நான் சொல்வதையெல்லாம் கையால் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மா, அடுக்குமொழி வந்துவிட்டால் எனக்கு வேகமும் வந்துவிடும். கை வலித்தால் சொல்லுங்கள். என்ன சொல்கிறார்? "வலிக்கலைங்க, பாதியத்தான் சொல்றேன்" என்கிறார். எந்தப் பாதியை விடுகிறாரோ, எனக்குத் தெரியாது!

நண்பர்களே! நம் செவ்வூரணிப்பட்டி ஊராட்சி அலுவலகத்தில் எண்பலகை வந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அதற்கு விழா எடுக்கலாம் என்றபோது, "தலைவரே, தகரத்துக்கு ஒரு விழாவா?" என்று கேட்டவர்கள் உண்டு. தகரம்தான். ஆனால் அந்தத் தகரம் வந்த கதையை ஊராட்சி மன்றத் தலைவனாகிய இந்தக் கோட்டைச்சாமி தன் வாயால் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அது என் பெருமையைச் சொல்லும் கதை இல்லை. என் பிழையைச் சொல்லும் கதை.

சென்ற ஆண்டு வரை நம் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுநாள் எப்படி நடந்தது? நம் பியூன் மருது வாசலில் வந்து நிற்பார். மார்பை நிமிர்த்துவார். மனுதாரர் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். அடடா, என்ன குரல்! அவர் இங்கே கூப்பிட்டால் நேமத்தான்பட்டியில் மாடு திரும்பிப் பார்க்கும். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வரவில்லையா? "அழைத்தும் வரவில்லை" என்று எழுத்தர் ஏட்டில் எழுதுவார், நான் கையெழுத்துப் போடுவேன். மூன்று வாரம் அப்படியே போனால் மனு தள்ளுபடி. அதுதான் வழக்கம். அது நல்ல வழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டு பஸ் நிறுத்தத்துப் புறம்போக்கில் கடை வைத்திருந்தவர்கள் எல்லாரும் புதிதாக மனுக் கொடுக்க வேண்டும் என்று மன்றம் தீர்மானம் போட்டது. நேரில் வந்து கையெழுத்திடாதவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அங்கே பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு சைக்கிள் கடை. அந்தக் கடையை நடத்துகிறவர் இதோ, இவர்தான். பழுது பார்ப்பதும் வாடகைக்கு விடுவதும் இவர் ஒருவரே. அந்த இடம் போனால் இவருக்கு வேறு இடம் கிடையாது, வேறு தொழிலும் கிடையாது.

கடைக்குத் துணைவியாரைக் காவல் வைத்துவிட்டு முதல் திங்கட்கிழமை வந்தார். கதவு திறக்கும் முன்பே வந்தார். வெளுத்த சட்டை, மடிப்புக் கலையாத கைலி, கையில் மனு. வாசல் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்தார். மருது அவருடைய தலைக்கு மேலே நின்றுகொண்டு கூப்பிட்டார், "அல்லாபிச்சை! அல்லாபிச்சை! அல்லாபிச்சை!" டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மரத்தடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் மட்டும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

என்ன கேட்கிறீர்கள் ஐயா? "பக்கத்துல இருந்த ஆளுக தொட்டுச் சொல்லலியா?" என்றா? நல்ல கேள்வி. நானும் என்னையே கேட்ட கேள்வி. சொல்லுங்கள், அவர் பெயர் நம்மில் யாருக்குத் தெரியும்? 'சைக்கிள் கடை பாய்' என்றோம். முகத்துக்கு எதிரே 'செவிட்டுப் பாய்' என்றோம், அவருக்குக் கேட்காது என்ற துணிச்சலில்! பன்னிரண்டு ஆண்டுகளாக அவருடைய சைக்கிளில்தான் கல்லல் சந்தைக்குப் போனோம், கல்யாணத்துக்குப் போனோம், சாவுக்குப் போனோம். நான் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்கப் போனதும் அவருடைய சைக்கிளில்தான். அல்லாபிச்சை என்று ஒருவர் நம் ஊரில் இருப்பது, பள்ளிவாசல் தெருவைத் தாண்டி நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

அவர் சும்மாவும் இருக்கவில்லை. மனுவை எடுத்துப் பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினார். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அன்பு தெரியும். தோளைத் தட்டி, "இருங்க பாய், கூப்பிடுவாக" என்று கையமர்த்தி உட்கார வைத்தார்கள். அவரும் நம்பி உட்கார்ந்தார். இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் நான் வெளியே வந்தபோது அவர் எழுந்து நின்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன், தலையை ஆட்டினேன், சாப்பாட்டுக்குப் போய்விட்டேன். உள்ளே ஏட்டில் ஈரம் காயாமல் கிடந்தது, 'அழைத்தும் வரவில்லை' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து.

மறுநாள் கடையைக் காலி செய்யும் நோட்டீசோடு மருது பஸ் நிறுத்தத்துக்குப் போனார். "இங்க அல்லாபிச்சைங்கிறது யாருங்க?" என்று கேட்டார். கடையில் இருந்த பல்கீஸ் அம்மாள், "எங்க வீட்டுக்காரகதான்" என்று தம் கணவரைக் காட்டினார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, நோட்டீஸ் கொண்டுவந்தவரைப் பார்த்துச் சிரித்தாராம். மூன்று வாரமும் பெஞ்சில் தம் காலடியில் உட்கார்ந்திருந்த முகம்! மருது நோட்டீசை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பல்கீஸ் அம்மாள்தான் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று அவரே என்னிடம் சொன்னார்.

நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு பல்கீஸ் அம்மாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கணவரும் கூடவே வந்தார். அந்த அம்மாள் அழவில்லை, ஆர்ப்பாட்டம் செய்யவில்லை.

"தலைவரே, மூணு வாரமா இவுக உங்க பெஞ்சிலதான் உக்காந்திருந்தாக. நீங்க பாத்தீகளா இல்லையா?"

"பாத்தேன்மா" என்றேன்.

"கண்ணால பாத்த ஆள வரலைன்னு எப்புடிங்க எழுதுனீக?"

அன்பர்களே! மேடை மேடையாக முழங்கியவன் நான். கேள்விக்குக் கேள்வி கேட்டு மடக்குகிறவன் என்று பெயர் வாங்கியவன். அன்றைக்கு அந்த அம்மாளுக்கு முன்னால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். 

"இனிமே பாய் வந்தா நானே எந்திருச்சு வந்து கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வாரேன்மா" என்றேன். பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு. பல்கீஸ் அம்மாள் அதைக் கையால் சொன்னார். கணவர் பார்த்தார், தலையை அசைத்தார். வேண்டாம் என்று கையால் காட்டினார். திரும்பி வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வாடகை சைக்கிளைத் தூக்கிப் படியேற்றி, அலுவலகத்துக்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்! மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த ஏழு என்ற எண்ணைத் தொட்டார். வாடகைக்கு எடுப்பவரிடம் கொடுக்கும், அதே எண் எழுதிய சிறிய தகர வில்லையைப் பல்கீஸ் அம்மாள் கையில் கொடுத்தார். அவரை வாசல் பெஞ்சில் போய் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். பிறகு மருதுவைப் பிடித்து வாசலில் நிறுத்தி, கூடவே கொண்டுவந்திருந்த, ஏழு எழுதிய பெரிய தகரம் ஒன்றை அவருடைய இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்க வைத்தார். பல்கீஸ் அம்மாள் எழுந்தார், உள்ளே வந்தார். முடிந்தது! யாரும் யாரையும் கைப்பிடித்துக் கூட்டிவர வேண்டாம். வந்த வரிசையில் வில்லை வாங்கலாம், தன் எண்ணைப் பார்த்துத் தானே எழுந்து வரலாம். பஸ் எண் பார்த்து ஏறத் தெரிந்த ஊருக்கு இது தெரியாதா?

மருதுவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். "அப்ப என் தொண்டைக்கு வேலை இல்லையாங்க?" என்று கேட்டார். அதற்கும் பதில் வந்தது. அடுத்த திங்கட்கிழமையே கண் தெரியாத அக்கம்மாள் வந்து, "தகரத்த வச்சுக்கிட்டு நான் என்னப்பா செய்ய? சத்தம் போட்டுச் சொல்லு" என்று அதட்டினார். ஆக, இப்போது மருது எண்ணைத் தூக்கியும் காட்டுகிறார், கூவியும் சொல்கிறார். கைக்கும் வேலை, தொண்டைக்கும் வேலை.

யாரப்பா அங்கே, பின்னால்? "படி ஏற முடியலையே, அதுக்கு என்ன வழி?" என்பது சின்னச்சாமிதானே? ஊன்றுகோலோடு வந்து கேட்கிறார், கேட்க வேண்டியதுதான். நம் அலுவலகம் வாடகைக்குப் பிடித்த பழைய மாளிகை, ஏழு படி. ஆணையாளர் அவர்கள் நேற்றே பார்த்து ஒப்புதல் தந்துவிட்டார். பக்கவாட்டில் சரிவுப் பாதை கட்டுகிறோம், தை பிறக்கும் முன் கட்டுகிறோம். கட்டும்போது நீங்களே வந்து நின்று சரிவு போதுமா என்று சொல்ல வேண்டும். நடக்கப் போகிறவருக்குத்தானே தெரியும்!

பாய் கடை என்ன ஆயிற்று என்கிறீர்களா? இன்று மாலை நீங்கள் வந்த சைக்கிளை எங்கே விட்டீர்கள்? அதே இடத்தில், அதே கடையில்! அன்று நான் ஏட்டைத் திருப்பினேன். என் கையெழுத்து இருந்த மூன்று வரிகளையும் அடித்தேன். அடியில் சிவப்பு மையில் என் கையாலேயே எழுதினேன்: 'மனுதாரர் மூன்று வாரமும் வந்திருந்தார். மன்றம்தான் வரவில்லை.' ஆணையாளர் தணிக்கைக்கு வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுவேன். மக்களாட்சி என்கிறோமே, எந்த மக்கள்? கேட்கும் காதுள்ள மக்களா? ஏறும் காலுள்ள மக்களா? பார்க்கும் கண்ணுள்ள மக்களா? பிறந்த மக்கள் எல்லாரும் மக்கள்! அந்த வாசல் எல்லாருக்கும் வாசல்! அதில் நுழைய முடியாமல் ஒருவர் நின்றால், குறை வாசலுக்கு. நின்றவருக்கு இல்லை, இல்லை, இல்லவே இல்லை!

கைதட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பாதியை மட்டும் சொல்லி என்னைக் காப்பாற்றிய பல்கீஸ் அம்மாளுக்கும் நன்றி. விடைபெறும் முன் ஒரு சொல் பாக்கி இருக்கிறது. அதைக் குரலால் சொன்னால் இந்த மேடையில் ஒருவருக்குப் போய்ச் சேராது. நல்லவேளை, அதைக் கையாலும் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. சலாம் சொல்லும் அவருடைய வழக்கத்திலும் நெற்றிக்குக் கை உயர்த்தினால் போதும், ஓசை வேண்டியதில்லை. எல்லாரும் எழுந்து நில்லுங்கள். அல்லாபிச்சை அவர்களைப் பாருங்கள். என்னோடு சேர்ந்து கைகூப்புங்கள்.

மைக்செட் இராமு, ஒலிபெருக்கியை நிறுத்திவிடு.