பதினோராம் தலைமுறை ஈஸ்ட்

அன்று அப்பம் சாப்பிட்டவர்கள்: என் அக்கா பிரியந்தி, அத்தான் பரமேஸ்வரன், மாடியில் சின்ன அறையில் வாடகைக்கு இருந்த மெற்றில்டா அக்கா, நான்.

அப்பம் நன்றாக இருந்தது. ஓரம் முறுகி, நடு பஞ்சு போல. மெற்றில்டா அக்கா மீது எனக்குக் கோபம் இருந்ததில்லை என்பது உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நான் வீட்டில் பியர் காய்ச்சுகிறவன். லண்டன் லூயிஷாமில் அக்கா வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு செய்தேன். பியர் பெரிய விஷயமில்லை. ஈஸ்ட்தான் விஷயம். பியர் புளித்து முடிந்ததும் வாளியின் அடியில் அது களி போலத் தங்கும். மற்றவர்கள் சிங்கில் கழுவிவிடுவார்கள். நான் கொதிநீரில் கழுவிய ஊறுகாய்ப் போத்தலில் எடுத்து பிரிட்ஜில் வைப்பேன். அடுத்த பியருக்கும் அதே ஈஸ்ட். ஐந்தாறு தடவைக்குப் பிறகு பலமிழந்துவிடும் என்பார்கள். என்னுடையது பதினோராம் தலைமுறையில் இருந்தது. கவனிப்புத்தான் காரணம்.

உயிருள்ள ஒன்றைக் கவனிப்பது எல்லோருக்கும் வராது.

முன்பு ஒருநாள் மெற்றில்டா அக்கா, “உதென்ன தம்பி?” என்று போத்தலைக் காட்டிக் கேட்டார். “கள்ளு மண்டி மாதிரி அக்கா,” என்று சொன்னேன். கள்ளு விட்டு அப்ப மாப் புளிக்கவைத்து வளர்ந்த ஒருவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பிழையை நான் ஒத்துக்கொள்கிறேன்.

நான் மூன்றாவது அப்பத்தைப் பிய்க்கும்போது அவர் சொன்னார்.

“உம்மட போத்தில் மண்டி முழுக்க விட்டனான் தம்பி. இஞ்ச கள்ளுக்கு எங்க போறது? மா எப்பிடிப் பொங்கினது, பாத்தீரே.”

அத்தான் சிரித்தார். “மச்சான் யூனி படிப்பை விட்டான், நைட் ஷிப்டை விட்டான். உந்தப் போத்திலை மட்டும்தான் விடேல்லை. அதையும் நாங்கள் திண்டு முடிச்சிட்டம்.”

“சும்மா இருங்கோப்பா. அவன்ர முகத்தைப் பாருங்கோ,” என்றாள் அக்கா.

கையிலிருந்த அப்பத்தைச் சாப்பிட்டு முடித்தேன். வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

அன்று மாலை அக்காவும் அத்தானும் பர்மிங்ஹாமில் ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டுப் போனார்கள். மாச் சட்டியின் அடியைப் பார்த்தேன். சுடாத மா கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருந்தது. அதற்குள் குமிழி வந்தது. ஈஸ்ட் உயிரோடுதான் இருந்தது. சுரண்டி, முளைகட்டிய பார்லி மால்ட் கரைத்த வாளிக்குள் விட்டேன். இனி அதற்கு ஒரே அளவான சூடு வேண்டும். வீட்டைச் சூடாக்கும் பொய்லர் பழுதாகி இருந்தது. இருந்த ஒரே மின் ஹீட்டர் மெற்றில்டா அக்காவின் அறையில்.

வாளியையும் அவரையும் அந்த அறையிலேயே வைத்திருக்கலாமே என்கிறீர்கள். அவருக்கு மூச்சு இழுப்பு இருந்தது. விடாமல் இருமுவார். மனித வாயிலிருந்து என்னென்ன பரவும் என்று ஈஸ்ட் வளர்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

சோபாவைக் கொடுத்திருக்கலாமே என்றும் கேட்டீர்கள். அக்கா தங்கள் அறையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தாள். சோபாவில் நான் படுப்பேன்.

தோட்டத்து மரக் கொட்டிலில் படுப்பாரா என்று நான்தான் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. “என்ர வேலையால வந்தது தானே தம்பி. ஒரு இரவுதானே. நான் வேலை செய்யிற கெயார் ஹோமில கதிரையிலயும் படுக்கிறனான்,” என்றார். ஜனவரி மாதம், புல்லில் உறைபனி விழத் தொடங்கியிருந்தது. என் போர்வையைக் கொடுக்க நினைத்தேன். ஆனால் அதை வாளியைச் சுற்றிக் கட்டியிருந்தேன்.

கொட்டிலிலிருந்து தட்டும் சத்தம் கேட்டதா என்கிறீர்கள். கேட்டது. முதலில் பலமாக, பிறகு மெதுவாக. நான் அப்போது அந்த அறை வாசலில் இருந்தேன். அந்த அறைக் கதவைத் திறந்தால் சூடு இறங்கிவிடும். காலையில் வாளியில் நல்ல நுரை. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அத்தான் திரும்பி வந்துதான் கொட்டிலைத் திறந்தார். அவர் கத்தியதை வைத்துத்தான் எனக்கு விஷயம் தெரியும்.

வாளியை உங்கள் ஆட்கள் எடுத்துப் போயிருக்கிறார்கள். அது பன்னிரண்டாம் தலைமுறை. சூடான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக மெற்றில்டா அக்கா என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். கொட்டிலுக்குள் போய்த் திரும்பி நின்று சொன்னார்: “தம்பி, என்ர பம்ப் கட்டிலுக்குப் பக்கத்தில கிடக்கு. அது இல்லாட்டி மூச்சு விட ஏலாது. எடுத்துத் தாறீரே?”

“ஓம் அக்கா, கொண்டுவாறன்,” என்றேன்.

எங்கள் தெருவில் நரிகள் அதிகம். சும்மா சாத்திய கதவை மூக்கால் தள்ளித் திறந்துவிடும். ஒரு பெண் தனியாகப் படுக்கிற இடம். அவருடைய பாதுகாப்புக்காக, கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினேன்.