வான்கப்பலின் ஐம்பத்திரண்டு இதழ்கள்

மருந்துப் பொட்டலம் கட்ட ஆங்கில வாரப் பத்திரிகையின் காகிதத்தைப் போல உசத்தியானது வேறில்லை, மாஜிஸ்திரேட் ஐயா. வழவழப்பாக இருக்கும், தூள் ஒட்டாது, ஈரம் இழுக்காது. 1935-இல் மலையடிவாரத்து டிஸ்பென்சரி ஒன்றில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்தபோது, காட்டிலாகாத் துரையின் பங்களாவிலிருந்து பழைய பத்திரிகைகள் கட்டுக் கட்டாக வரும். அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்குவதுதான் என் முதல் வேலை.

நின்றுகொண்டே சொல்கிறேன். பத்து நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அந்த இதழ்கள் உங்கள் மேசைமேல் இருக்கும்போது இன்னும் கடினம்.

அந்த ஆங்கிலப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரு படக்கதை வந்தது. உலோகக் கப்பலில் ஏறி, நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகிற ஒரு மாலுமியின் கதை. வாரத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒன்பது கட்டம். அந்தப் பக்கங்களை நான் வெட்டவில்லை. நான்கு வருஷத்தில் இருநூறு பக்கம் சேர்ந்தது.

சென்றாயன் காட்டிலாகா மர டிப்போவில் நம்பர் எழுதுகிறவன். சந்தனக் கட்டைகளில் தாரைத் தொட்டு எண் போடுவான். வலது கையில் சிராய் ஏறி, பிடுங்கிக்கொள்ள டிஸ்பென்சரிக்கு வந்தான். நான் ஊசியைக் காய்ச்சுவதற்குள், மேசையில் கிடந்த படத்தைப் பார்த்து, இடது கையாலேயே ஒரு காகிதத்தில் அந்தக் கப்பலை வரைந்துவிட்டான். மூலத்தில் கப்பல் நின்றுகொண்டிருந்தது. இவன் வரைந்ததில் அது போய்க்கொண்டிருந்தது.

"இதுல என்ன எழுதியிருக்குது, இன்னாசி?" என்று கேட்டான். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு வரையத் தெரியாது. அப்படித்தான் 1939 ஜூனில் 'வான்கப்பல்' தொடங்கியது. மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை, எட்டுப் பக்கம், ஒரே ஒரு பிரதி. மாலுமிக்கு அரவன் என்று பெயர் வைத்தேன். பேச்செல்லாம் நான் தமிழில் எழுதுவேன், படங்களை அவன் பார்த்து வரைவான். தபாலாபீஸ் குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார்கள், மொரப்பூர் ஸ்டேஷன் சிப்பந்திகள் என்று நாற்பது பேருக்குக் கைமாறி, ஓரம் கிழிந்து திரும்பி வரும். பின்பக்கத்தில் அபிப்பிராயம் எழுத இடம் விட்டிருப்போம்.

முதல் இருபத்தாறு இதழ்களும் மூலத்தின் நகல்தான். கந்தக நிலவு, கண்ணில்லாதவர்களின் நகரம், கண்ணாடி மனிதர்களோடு நடந்த போர். சுத்தமான கோடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குள் யுத்தம் வந்து, துரை மாற்றலாகி, ஆங்கிலப் பத்திரிகை வருவது நின்றுபோனது. கையிருப்புத் தீர்ந்ததும் இருபத்தேழாம் இதழிலிருந்து நாங்களே கதையை நடத்தினோம். அந்த நான்கைந்து இதழ்களில் அரவன் தட்டுத் தடுமாறினான். அதற்கு என்னையும் குற்றம் சொல்லலாம்.

1941 கார்த்திகையில் சென்றாயனுக்குக் குளிர் காய்ச்சல், மலேரியா, கண்டது. எங்கள் பக்கத்தில் அது புதிதில்லை. அந்த மாதம் வந்த முப்பத்தொன்றாம் இதழைத் தயவுசெய்து திறந்து பாருங்கள். தண்ணீர் மேல்நோக்கி விழுகிற உலகம். அதில் வானம் முழுக்க நரம்புகள் ஓடுகின்றன. மூன்று நிலவுகளில் ஒன்றுக்கு எங்கள் ஊர் வத்தல்மலையின் முதுகு. தபாலாபீஸ் குமாஸ்தா பின்பக்கத்தில், 'படித்துவிட்டு வெளியே வந்து ஆகாயத்தைப் பார்த்தேன், பழைய ஆகாயமாக இல்லை' என்று எழுதியிருக்கிறார். அதற்குமுன் யாரும் எங்களுக்கு அப்படி எழுதியதில்லை.

நான் முறைப்படி மலேரியாவுக்கான கொயினா மருந்து கொடுத்தேன். ஒரு வாரத்தில் குணமானான். அடுத்து வந்த மாசி, பங்குனி இதழ்களைப் பாருங்கள். உயிரே இல்லை. கட்டைக்கு நம்பர் போட்டது போல இருக்கும்.

நான் கவனித்ததெல்லாம் இவ்வளவுதான். மருந்துக்காரன் கவனிக்கப் பழகியவன்.

1942 ஜூனில் மறுபடி காய்ச்சல் வந்தது. கொயினா மரம் விளைகிற ஜாவா ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டதால் கொயினா எங்கும் கிடைக்காத சமயம். டாக்டர் வாரம் இருமுறைதான் வருவார். பீரோச் சாவி என்னிடம் இருந்தது. பீரோவில் இருந்தது நாற்பது பேருக்குப் போதும். சென்றாயனின் மிக்ஸ்சரில் கால் பங்கு கொயினா விட்டேன். மீதிக்கு நிலவேம்புக் கஷாயம். கசப்பு குறையக் கூடாதல்லவா. பாட்டிலில் வேளைக்கு ஒரு கோடாகக் காகிதம் ஒட்டி, அவன் பெயரை நானே அழகாக எழுதினேன்.

காய்ச்சல் அடங்கும், போகாது. நான் விரும்பியதும் அதுதான். முப்பத்தேழிலிருந்து ஐம்பத்திரண்டு வரை பதினாறு இதழ்கள். இந்தத் தமிழ்நாட்டில் அப்படி ஒன்றை யாரும் வரைந்ததில்லை. பெங்களூரிலிருந்துகூட ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். முகப்பில் 'கதை: இன்னாசிராஜ், சித்திரம்: சென்றாயன்' என்று இருக்கும். என் பெயர் முதலில் வந்தது வெறும் வழக்கம்தான்.

அவன் மனைவி சாலம்மாள்தான் மருந்து வாங்க வருவாள். போன சித்திரையில் அவளுக்கும் காய்ச்சல் வந்தது. அவளுக்கு முழு அளவு கொடுத்தேன். நான்கே நாளில் எழுந்துவிட்டாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் கேட்டாள்:

"கம்பவுண்டரண்ணா, அந்த மருந்து குடிச்சா எனக்குக் காது ரெண்டும் வண்டு மாதிரி இரைஞ்சுதுங்க. அவருக்கு ஏன் இந்தப் பத்து மாசமா இரையல?"

"ஆளுக்கு ஆள் மாறும்மா" என்றேன். அவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கொயினா குடித்தால் காது இரையும், ஐயா. இரையாவிட்டால் உள்ளே போனது முழு அளவுக் கொயினா இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண் அதைக் கண்டுபிடித்ததை இப்போதும் மெச்சுகிறேன்.

புரட்டாசியில் நான் சென்றாயன் வீட்டுக்குப் போனேன். கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாகியிருந்தது. ஐம்பத்துமூன்றாம் இதழுக்கு ஆறு பக்கம் பென்சிலில் போட்டு வைத்திருந்தான்.

"இன்னாசி, இதோட முடிச்சுக்கலாம்டா" என்றான். "அரவன் வூடு திரும்பட்டும். எத்தினி வருசந்தான் அவனும் சுத்துவான்? எனக்கு ஒடம்பு தேறோணும். சாலம்மா முழுவாம இருக்கறா."

"முடிவு நன்றாயிருக்காது" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கும். நான் வரைஞ்சு காட்டறேன், பாரு."

அந்த ஆறு பக்கங்களையும் பார்த்தேன். அரவனின் கப்பல் ஒரு சோளக்காட்டில் இறங்குகிறது. ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு நின்று பார்க்கிறாள். வாய் திறந்து ஒருவரும் பேசவில்லை. ஆறு பக்கத்திலும் நான் எழுதுவதற்கு அவன் இடமே விடவில்லை.

டிஸ்பென்சரிக்குத் திரும்பி அடுத்த பாட்டிலைக் கலந்தேன். அதில் கொயினா ஒரு சொட்டும் இல்லை. அதற்கடுத்த பாட்டிலிலும் இல்லை. மூன்றாவதில் திடீரென்று முழு அளவு விட்டேன். அரைகுறையாகக் கொயினா ஏறிய உடம்பில் இப்படி நிறுத்தி மறுபடி கொடுத்தால் இரத்தம் உடைந்து சிறுநீரில் கருப்பாகப் போகக்கூடும், ஆள் பிழைப்பது அரிது என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் சாலம்மாள் ஓடிவந்தாள். கையில் கண்ணாடிப் பாட்டில். அதில் அவன் சிறுநீர். காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது.

"தண்ணி கருப்பாப் போவுதுங்கண்ணா. என்னான்னு பாருங்க. வந்து பாருங்கண்ணா."

அன்று நோயாளிகள் நிறைய. சாயங்காலம் போனேன். சென்றாயனின் உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், சுற்றிலும் அக்கம்பக்கத்தார். நான் சாலம்மாளிடம் கேட்ட முதல் கேள்வியை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். "அந்த ஆறு பக்கம் எங்கே?" என்று கேட்டேன். ஈரக் கையோடு யாராவது தொட்டுவிடக் கூடாதே என்ற கவலைதான். அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். மறுநாள் மீதி மருந்துப் பாட்டில்களை முந்தானையில் முடிந்துகொண்டு, தருமபுரிக்கு நடந்தே போய் டாக்டரிடம் கொடுத்திருக்கிறாள்.

அந்தப் பக்கங்களை அங்கிருந்து எடுத்துப்போய் நான் எரித்தது உண்மை. கதை அப்படி முடியக்கூடியது அல்ல. வாசகர் நாற்பது பேரும் அதை ஏற்றிருக்க மாட்டார்கள்.

ஆகவே, சென்றாயனைக் கொன்றது நான். கைத்தவறு இல்லை, மருந்துத் தட்டுப்பாடு இல்லை. பதினாறு மாதம், அளந்து, தெரிந்தே செய்தேன். ஒரு மனிதனின் உடம்பு எப்படியும் போகும். இந்த இதழ்கள் நிற்கும். அந்தக் காய்ச்சல் இல்லாவிட்டால் அவன் கடைசிவரை கட்டைக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்திருப்பான். இதை யாராவது ஒருவர் கவனிக்க வேண்டியிருந்தது.

ஒரே ஒரு விஷயம். சாலம்மாளின் வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் எனக்குப் படித்துக் காட்டினார். காய்ச்சலில் அவன் எப்படி வரைந்தான் என்று கேட்டதற்கு அவள் சொன்னாளாம்: "காய்ச்சல் அடிக்கறப்ப அவரால பென்சிலே புடிக்க முடியாதுங்க. டிப்போவுல லீவு குடுத்ததால, காய்ச்சல் வுட்ட நாள்ல வூட்டுல குந்தி வரைவாரு. மாசி பங்குனி கட்டை ஏலத்துல மூச்சு வுட நேரமில்ல, அதான் அப்ப சரியா வரல. அவருக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் நேரந்தானுங்க."

அதைக் கேட்ட நாளிலிருந்துதான் என்னால் உட்கார முடியவில்லை. இதழ்களைத் தேதிவாரியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்; கொடுத்தார்கள். நான்கு முறை புரட்டினேன். டிப்போ லீவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கிறீர்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

கொலைக்குக் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. எங்கே என்று காட்டுங்கள். ஆனால் சாலம்மாள் சொன்ன அந்த நான்கு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அவளுக்குச் சித்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.