கையெழுத்துப் போடாத பெட்டி

மாத்தளையில் இரத்தோட்டை பஸ்ஸுக்காக நனைந்தபடி வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற தோட்டத்துப் பெண் தோழியிடம் சொன்னாள்:

"மெசினுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதாம்டி!"

"எந்த மெசினுக்கு, அக்கா?"

"நம்ம டிரைவர் செல்வம் அண்ணன் பஸ்ஸுல இருக்கிற ஜிபிஎஸ் பெட்டி. நம்ம தோட்டத்து மேல் டிவிசனுக்கு அவரு பஸ்ஸே கொண்டு போகலைன்னு யாரோ பெட்டிசன் போட்டு, அவரை வேலையில இருந்து நிறுத்திட்டாங்கல்ல? போனது பெட்டியில பதிவாயிருக்கு. அதை அச்சடிச்சுக் கொண்டு போய்க் குடுத்தா, கையெழுத்தில்லாத கடதாசி செல்லாதுன்னுட்டாரு பஸ் டிப்போ ஆபீஸ் ஐயா."

"அப்புறம்?"

"அந்தக் கடதாசியிலேயே, அன்னிக்கு பஸ்ஸுல போன நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். எடம் பத்தாம பின்பக்கமும் போட்டோம். ஐயா முத்திரை குத்திட்டாரு!"

பஸ் வந்தது. ஓட்டுநர் இருக்கையில் செல்வத்தைக் கண்டதும் வரிசையே கைதட்டியது.

"ஏறுங்க! மேல் டிவிசன் வரைக்கும் ஹோன் அடிச்சுக்கிட்டே போறேன். பஸ் வரலைன்னு இனி எவன் சொல்றான்னு பாப்போம்!"