ஸ்டியரிங்கில் கட்டிய துண்டு

வீட்டில் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது, சார். தரை ஆடாமல் கிடக்கும், அதுதான் காரணம். செக்கானூரணியில் என் வீடு நல்ல வீடு. சிமெண்டுத் தளம், தலைக்கு மேல் ஃபேன், பக்கத்தில் என் சம்சாரம் அன்னக்கொடி நிம்மதியாகக் குறட்டை விடுவாள். நான் மட்டும் புரண்டுகொண்டே கிடப்பேன். வலது கால் தானாக ஆக்சிலேட்டரைத் தேடும். மூன்றாம் நாள் ஆனால் மெயின் ரோட்டுக்குப் போய் நின்று, போகிற வண்டியெல்லாம் என்ன லோடு என்று பார்த்துக்கொண்டிருப்பேன். "வீடு என்ன முள்ளாவா குத்துது, ஒரு நா ஒரு எடத்துல ஒக்கார மாட்டீயளா" என்று திட்டுவாள். இந்த நாலு மாதத்தை விட்டால், சேர்ந்தாற்போல் ஐந்து நாள் நான் வீட்டில் இருந்தது என் கல்யாணத்துக்கு மட்டும்தான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் செய்ததற்குப் பின்னால் கோபமோ குடியோ இல்லை என்பது உங்களுக்கு விளங்க வேண்டும். ரைட்டர் ஐயா எழுதுகிற வேகத்துக்குத் தக்கபடி நிதானமாகவே சொல்கிறேன். நாலு மாதத்துக்கு முன்னால் இதே ஸ்டேஷனில், இதே மேசைக்கு எதிரில் நின்று நான் சொன்னது பொய்.

சிவபாண்டியும் நானும் ஆறு வருடம் ஒரே வண்டி. துளசிராம் முதலாளியின் பன்னிரண்டு சக்கர லாரி. இங்கிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு நாசிக் பக்கம் போவோம், திரும்பும்போது வெங்காயம். ஒருத்தன் ஓட்டினால் ஒருத்தன் பின்சீட்டில் தூங்க வேண்டும், அதுதான் முறை. சொந்தம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் அவன் என்னை மாமா என்பான், நான் மாப்ள என்பேன். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும்.

அந்தத் துண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். லோடு ஏறுகிற இடத்தில் வெயில் நேரத்துக்குக் கேபினுக்குள் உட்கார முடியாது. வண்டிக்கு அடியில் நிழல் இருக்கும், காற்றும் வரும். சாக்கை விரித்து அங்கேதான் படுப்போம். படுக்கப் போகிறவன் தன் துண்டை ஸ்டியரிங்கில் கட்டிவிட்டுத்தான் இறங்குவான். துண்டு இருந்தால் அடியில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கட்டியவனே எழுந்து வந்து அதை அவிழ்க்க வேண்டும். முதலாளியே வந்து நின்று அவசரம் என்றாலும் அடுத்தவன் அதில் கை வைக்கக் கூடாது. எங்கள் ஷெட்டில் அத்தனை டிரைவர்களுக்கும் இதுதான் சட்டம். சாவியைக்கூட நாங்கள் வண்டியிலேயே விட்டுவிடுவோம். துண்டுதான் பூட்டு.

அடுத்தது கண். போன வருடம், சித்ரதுர்கா தாண்டி ஒரு மத்தியானம், ரோட்டோரம் நின்ற கரும்பு டிராக்டரை நான் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்றே எழுதுங்கள். தெரியவில்லை என்று சொன்னவன் சிவபாண்டி. தூங்கிக்கொண்டிருந்தவன் எப்படித்தான் எழுந்தானோ, "மாமா, பிரேக்கு, பிரேக்கு" என்று கத்தி என் தோளைப் பிடித்து உலுக்கினான். ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருபத்தெட்டு வருடம் ஓட்டுகிறவனுக்கு ஒரு நாள் கவனம் தப்பாதா.

அதிலிருந்து என் முறையில் அவன் தூங்கவே இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். "மாமா, எடப்பக்கம் செம்மறியாடு வருது, ஒரு பட்டியே வருது பாருங்க." "அந்தா பஸ்ஸு நிக்குது, நம்மூரு பஸ்ஸு மாதிரியே மஞ்சக் கலரு." கதை பேசுகிற மாதிரியே சொல்லிக்கொண்டு வருவான். பேச்சுத்துணைக்கு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. தன் முறையையும் ஓட்டிவிட்டு என் முறைக்கும் விழித்திருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும். கண்ணெல்லாம் சிவந்து, கன்னம் ஒட்டிப்போனான். போய்த் தூங்கு என்றால் சிரிப்பான். அவனவன் உடம்பை அவனவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், சார்.

பிறகு ஒரு நாள் கோரிப்பாளையத்தில் ஒரு இலவசக் கண் முகாமுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு டாக்டர் பெண், இருபத்தைந்து வயது இருக்கும், டார்ச் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை கண் நரம்பை அரித்துவிட்டது, ஆபரேஷன் பண்ணினாலும் போனது திரும்பாது, வண்டி ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள் என்று சொன்னது. அந்தப் பெண் லாரிக்குள் ஏறிக்கூடப் பார்த்திருக்காது. அது கொடுத்த சீட்டை வைகைப் பாலத்தில் நின்று கிழித்துப் போட்டேன். சிவபாண்டி பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதான். "மாமா, நாளைக்கு ஒரு ஸ்கூல் வேன் மேல ஏத்திட்டோம்னா என்ன மாமா பண்ணுவோம்" என்றான். ஏத்திட்டோம் என்றுதான் சொன்னான், நீங்கள் ஏத்திட்டீங்க என்று சொல்லவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை அவன். இன்னும் ரெண்டு மாதம் பொறு என்றேன். பொறுத்தான்.

அந்த ரெண்டு மாதம் முடிந்த அன்றைக்கு நாங்கள் வாடிப்பட்டி தாண்டி ஒரு தேங்காய்க் குடோனில் நின்றோம். பதினொரு மணிக்கெல்லாம் லோடு ஏறிவிட்டது. ரெண்டு பேருமாகத் தார்ப்பாய் இழுத்துக் கட்டினோம். ஏற்றுகிற ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். பில்லை எடுத்துக்கொண்டு முதலாளி வர ரெண்டு மணி ஆகும் என்று போன் வந்தது. சிவபாண்டி டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றான்.

"மாமா, இனிமே என்னால முடியாது. மொதலாளி வந்ததும் சொல்லிருவேன். நீங்க என்னைய எம்புட்டு வேணும்னாலும் வையிங்க."

"சொல்லு மாப்ள. நீ நெனச்சா சரியாத்தேன் இருக்கும்."

"கோவமில்லையே?"

"ஒம்மேல எனக்கென்னடா கோவம். போயிச் செத்த நேரம் சாயி. மூஞ்சியப் பாரு, தொங்கிப்போயிக் கெடக்கு."

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஒங்களுக்கு வேல பாத்து வச்சுட்டேன் மாமா. ஷெட்டுல வாச்மேன். அலையவே வேணாம், ஒரு சேரப் போட்டு ஒக்காந்துருந்தாப் போதும்."

அந்த நாற்காலியைப் பற்றி அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவன் துண்டைக் கட்டினான். இறங்கி, சாக்கை விரித்து, பின்சக்கரத்துக்கு முன்னால் படுத்தான். ஐந்து நிமிடத்தில் குறட்டை. நான் வேப்பமரத்தடியில் தேங்காய் மூட்டை மேல் உட்கார்ந்தேன். இப்படித்தானே இனிமேல் உட்கார வேண்டும், பழகிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். பத்து நிமிடம்கூட முடியவில்லை, சார். உள்ளங்கால் அரித்தது. எழுந்து வண்டியைச் சுற்றி வந்தேன். மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். ரோட்டில் வண்டிகள் திண்டுக்கல் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. அத்தனை டிரைவர்களும் போகிறார்கள், நான் மட்டும் இங்கே நிற்கிறேன் என்று இருந்தது.

நாலாவது சுற்றில் குனிந்து பார்த்தேன். பார்த்தேன் என்பதை அழுத்தமாக எழுதச் சொல்லுங்கள். கட்டம் போட்ட கைலி, வலது கணுக்காலில் கறுப்புக் கயிறு, வாய் லேசாகத் திறந்திருந்தது. எல்லாமே தெரிந்தது.

கேபினில் ஏறினேன். நீலத் துண்டு, இரட்டை முடிச்சு. இறுக்கிப் போட்டிருந்ததால் அவிழ்க்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதை மடித்து அவன் பைக்குள் வைத்தேன். இஞ்சினைப் போட்டேன். பெரிய வண்டியில் பிரேக்குக்குக் காற்று ஏற வேண்டும், மூன்று நான்கு நிமிடம் ஆகும், அதற்கு முன் வண்டி நகராது. அவ்வளவு நேரமும் இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் எழுந்திருக்கலாம். ஆனால் ஆறு வருடமாக அந்தச் சத்தத்தில்தான் அவனுக்குத் தூக்கமே. சத்தம் கேட்டு இன்னும் நன்றாகத் தூங்கியிருப்பான். அந்த மட்டும் எனக்கு ஆறுதல். முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டு, பத்தடி முன்னால் போய் நிறுத்தினேன். நிறை லோடு, ஸ்டியரிங்கில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் இறங்கிக் கத்தினேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகை நிஜம், அதை மட்டும் பொய் என்று எழுதிவிடாதீர்கள். துண்டு கட்ட மறந்துவிட்டான் சார் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் கவனக்குறைவு என்று கேஸ் எழுதினீர்கள். ஜாமீன் கிடைத்தது. கேஸ் முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்ததும் வண்டி உனக்குத்தான் என்று முதலாளியும் சொன்னார். நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன்.

நேற்று மத்தியானம் சிவபாண்டியின் சம்சாரம் பவதாரிணி வீட்டுக்கு வந்தது. கைக்குழந்தையோடு வெயிலில் ரெண்டு பஸ் மாறி வந்திருந்தது. அன்னக்கொடி அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு எதிரில் உட்கார்ந்து அந்தப் பெண் சொன்னது இதுதான்.

"மாமா, அவரு துண்டு கட்டாமப் படுக்குற ஆளில்ல. கட்டித்தேன் இருப்பாரு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஒங்க கண்ணப் பத்தி அவரு எங்கிட்ட எல்லாம் சொல்லியிருக்காரு. நான் ஒங்களத் தப்பாவே நெனைக்கல மாமா. கோர்ட்டுல கேட்டா நானே சொல்றேன், பாவம் அவருக்குக் கண்ணு தெரியாது, அவரு மேல தப்பில்லன்னு."

என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. அன்னக்கொடி "ஆத்தா, நீ நல்லா இருக்கணும்" என்று அதன் காலில் விழப் போனாள். நான் கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டேன். இந்தப் பிள்ளை கோர்ட்டில் ஏறி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முதலாளி எனக்குச் சாவி கொடுப்பான். எதைத் தடுக்க அவனை அப்படிச் செய்தேனோ, அதையே இவள் எனக்கு நல்லது என்று செய்ய வருகிறாள். இரவு முழுக்க நடையாய் நடந்தேன். விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறி இங்கே வந்துவிட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கவனக்குறைவு இல்லை, பார்வைக் குறைவும் இல்லை. துண்டு தெரிந்தது, ஆள் தெரிந்தது, தெரிந்தேதான் வண்டியை ஏற்றினேன். சிவபாண்டியை நான்தான் கொன்றேன். பத்து வருடமோ பதினைந்து வருடமோ, கொடுப்பதைக் கொடுங்கள். வெளியே வரும்போது எழுபதை நெருங்கியிருப்பேன், அந்த வயதில் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். லைசென்ஸில் மட்டும் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை ஏறக் கூடாது.

ரைட்டர் ஐயா முடித்துவிட்டாரா. படித்துக் காட்ட வேண்டாம், கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எந்த இடத்தில் என்று மட்டும் விரலை வைத்துக் காட்டுங்கள், சார்.

வைத்துவிட்டீர்களா?