வெயிலில் வைத்த பேட்டரி

— ஜெயில்ல போடணும் விக்டோரியா! ஒரு நாள் புடிச்சி மறுநாளே வுட்டுட்டா அதுக்குப் பேரு ஜெயிலா? விருந்துக்குப் போயி வந்தா மாதிரி வந்துக்கிது அந்தம்மா.

— கத்தாதே. கையில ஊசி ஏறிடப் போவுது. கொடி எத்தினி வோணும்னு சொன்னே?

— பன்னெண்டு. நாலு மணிக்கு லாரி வந்துடும். நம்ம ஆரம்பாக்கத்துலேர்ந்து எட்டு பேரு. மீதிப் பேரு கும்மிடிப்பூண்டி கம்பெனி வாசல்ல ஏறிக்குவாங்க. அந்தம்மா மெட்ராசுக்கு வருதே, கார் ஜன்னலாண்டயே போயி கறுப்புக் கொடி காட்டறோம். எமர்ஜென்சின்னு சொல்லி ஜனங்க வாயைக் கட்டிப் போட்டாங்களே, நியாயம்னு ஒண்ணு வோணாமா?

— எலக்‌ஷன்ல தோத்துப் போச்சே, பத்தாதா? நாட்டையே ஆண்டவங்களைப் புடிச்சி உள்ள வெக்க முடியுமா?

— ஆண்டா இன்னா? கோழி திருடுனவன் ஆறு மாசம் களி துன்றான். நாட்டை ஆண்டவங்க தப்பு பண்ணா தோத்துட்டு ஊட்டுக்குப் போயி காத்து வாங்கறதா? நியாயம்னு ஒண்ணு வோணாமா?

— வோணுந்தான். எத்தினி வருசம் போடலாம்?

— சாவற வரைக்கும் போடணும்.

— அந்தம்மா கும்மிடிப்பூண்டிக்கு வந்து நான் பாக்கலியே. இங்க நடந்ததெல்லாம் இங்க இருக்கறவங்கதான செஞ்சாங்க?

— உனக்கு வெவரம் பத்தாது மே. உத்தரவு டில்லியிலேர்ந்து வந்துது. உத்தரவு போட்டவங்கதான் மொதல் குத்தவாளி. கீழ கீறவன் வயித்துப் பொழப்புக்குச் செஞ்சான்.

— அப்ப கீழ கீறவனுக்கு ஒண்ணும் கெடையாதா?

— அவன் இன்னா பண்ணுவான், பாவம். பயம்தான்... ரேடியோ எங்க? நியூஸு போட்டிருப்பான்.

— பேட்டரி தீந்து போச்சி. கழட்டி வெயில்ல வெச்சிக்கிறேன். காஞ்சா இன்னும் ரெண்டு நாளைக்கி ஓடும்.

— யாரு உன்னைத் தொடச் சொன்னது?

— பேட்டரி கழட்ட இன்னா, இஞ்சினீரா வரணும்?

— எத்தினி தபா சொல்லிக்கீறேன், அதைத் தொடாதே தொடாதேன்னு! கம்பெனியில குடுத்த பொருளு. தோல் உறை கிழிஞ்சிடுச்சின்னா அத்த யாரு தெப்பாங்க?

— உறை கிழியல. நல்லாத்தான் இருக்குது. அத்த வுடு, நாளைக்கி எங்கண்ணன் அப்பாவு வரான், ஞாபகம் கீதா?

— அத்த இப்ப எதுக்கு இழுக்கறே? போற நேரத்துல பேஜாரு பண்ணாதே.

— நாளைக்கி இந்நேரம் நான் இந்த ஊட்டுல இருக்க மாட்டேன். அதனால இழுக்கறேன். உங்கம்மா திருநின்றவூர்ல எங்க ஊட்டுக்கு ஆளு வுட்டு சொல்லி அனுப்பிக்கிறாங்க. ‘மொதல்ல தங்கினதும் மூணாம் மாசத்துல கலைஞ்சி போச்சி, அதுக்கப்பறம் ஒண்ணுமில்ல, மலடிய வந்து இட்டுக்கினு போ’ன்னு. நீ பக்கத்துலதான் இருந்தே. கம்முனு இருந்தே.

— நான் இன்னா பண்ணட்டும்? பெத்தவங்க பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசச் சொல்றியா?

— டில்லி அம்மாவை எதிர்த்து லாரி ஏறுறே. உங்கம்மா எதிர்ல உனக்கு நாக்கு எழும்பல.

— அது வேற, இது வேற.

— எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. பழவேற்காடு மாதா கோயில்ல மூணு தொட்டில் கட்டிட்டேன். பொன்னேரி வைத்தியன் குடுத்த கசப்பு உருண்டைய வாந்தி வர வரைக்கும் முழுங்கினேன். கெணத்தாண்ட போனா, கைக்கொழந்தக்காரிங்க என்னைப் பாத்ததும் முந்தானையால புள்ள மொகத்தை மூடிக்கிறாளுங்க. உனக்குத் தெரியும்ல?

— தெரியும். நானும் வயித்தெரிச்சல் பட்டுக்கினுதான் கீறேன்.

— அவங்க விசயம் தெரியாம மூடறாளுங்க. நீ தெரிஞ்சிக்கினே வேடிக்கை பாத்தே.

— இன்னாத்த தெரிஞ்சிக்கினு?

— ரேடியோ உறையோட அடியில, அட்டைக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு காயிதம் இருந்துது. பேட்டரி எடுக்கறப்போ கீழ வுழுந்துது. நான் அஞ்சாவது படிச்சவதான். ஆனா உன் பேரைப் படிக்கத் தெரியும். ‘யேசுதாஸ், வயது இருபத்தெட்டு, குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை’. போன வருசம் ஆவணி மாசம். சைக்கிள்லேர்ந்து வுழுந்துட்டேன்னு சொல்லி நாலு நாளு காலை அகட்டி அகட்டி நடந்தியே, அந்த வாரம்.

— சைக்கிள்லேர்ந்து வுழுந்ததுதான்மே...

— ஒத்தடம் குடுத்தேன்யா நான். எங்க வலிக்குதுன்னு கேட்டேன். இடுப்புன்னே.

— விக்டோரியா... கதவைச் சாத்து. மெதுவாப் பேசு.

— ஏன்? இப்பத்தான தெருவுக்கே கேக்கறா மாதிரி நியாயம் கேட்டே.

— நானாப் போவலமே. மாதா மேல சத்தியமா நானாப் போவல. சூப்ரவைசர் ஆதிநாராயணன் லிஸ்டு போட்டான். எங்க டிபார்ட்மெண்டுக்குப் பத்து பேருன்னு மேலேர்ந்து கணக்காம். ஒம்போது பேரு ஆயிட்டாங்க. ‘இன்னாடா யேசுதாஸு, வேலை பர்மனென்ட் ஆவணுமா, வோணாமா?’ன்னான். எங்க வூட்ல புள்ளையே இல்ல சார்ன்னேன். ‘அதெல்லாம் அங்க எழுதிக்குவாங்க, ஏறு’ன்னான். ஜீப்புல தள்ளினாங்க. கேம்பு வாசல்ல போலீசு. உள்ள ஒரு மேஜை, ஒரு வெளக்கு. நான் கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சி. வெளிய வந்தா கையில இந்த டிரான்சிஸ்டரைக் குடுத்து கை தட்டறானுங்க. ரயில்ல அத்த மடியில வெச்சிக்கினு அழுதுக்கினே வந்தேன். மாட்டுக்குக் காயடிக்கறா மாதிரி மனுசனைப் பண்ணிட்டாங்களே! அதுக்குத்தான் சொல்றேன், அந்தம்மா ஜெயிலுக்குப் போவணும்!

— போவட்டும். உன்னை அப்பிடிப் பண்ணவங்க உள்ளதான் கெடக்கணும். ஆதிநாராயணனும் கூடவே போவட்டும். நான் ஒண்ணும் குறுக்க நிக்கல.

— அப்பிடிச் சொல்லு! நியாயம்னா அதான...

— இரு. முடிக்கல. உன்னைப் பண்ணவங்களுக்கு சாவற வரைக்கும் ஜெயிலு. என்னைப் பண்ணவனுக்கு எத்தினி வருசம்?

— நான் உன்னை இன்னா பண்ணேன்?

— உங்கம்மா என்னை மலடின்னு சொல்லச் சொல்ல, நீ ரசம் ஊத்திக்கினு சாப்ட்டுக்கினு இருந்தே. அந்த உத்தரவும் டில்லியிலேர்ந்தா வந்துது?

— வெக்கமா இருந்துதுமே. ஆம்பள எப்பிடி வாயைத் தொறந்து சொல்லுவான்? இன்னைக்கி சொல்லலாம், நாளைக்கி சொல்லலாம்னு பாத்துக்கினு இருந்தேன். ஒரு வருசம் ஓடிப் போச்சி.

— உனக்கு ஓடிச்சி. எனக்கு ஒவ்வொரு மாசமும் நின்னு நின்னு நவுந்துது.

— நாளைக்கி உங்கண்ணன் வந்ததும் சொல்லிடறேன். போதுமா?

— உங்கம்மா எதிர்லயா?

— அம்மா கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து... அவனைத் தனியா இட்டுக்கினு போயி...

— சரி. வெளங்கிடுச்சி.

— லாரி ஆரன் அடிக்கிறான் பாரு. போயிட்டு வந்து பேசிக்கலாம். அந்தக் காயிதத்தைக் குடு. யாரு கையிலயாச்சும் மாட்டினா மானம் போயிடும்.

— யாரு மானம்?

— குடுமே! வெளியில எல்லாரும் நிக்கிறாங்க.

— கொடி பன்னெண்டும் தெச்சாச்சி. எடுத்துக்கினு போ. காயிதம் எங்கிட்டதான் இருக்கும்.

— அத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறே? அதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே!

— எல்லாத்தையும் சொல்லல. ரெண்டு புள்ள இருக்கறவனுக்குத்தான் இந்த ஆபரேசனாமே. பின்பக்கம் எழுதி இருக்குது.

— அது... அங்க ஒரு கிளார்க்கு இருந்தான். ‘ரெண்டு புள்ளைங்க பேரைச் சொல்றா, சும்மா எழுதிக்கலாம்’ன்னான். பயத்துல வாயில வந்ததைச் சொன்னேன்.

— வாயில வந்ததா? கல்யாணம் ஆன புதுசுல பழவேற்காட்டுக்குப் படகுல போனோமே, காத்து அடிக்கிதுன்னு முக்காடு போட்டுக்கினு உன் காதாண்ட வந்து ரெண்டு பேரு சொன்னேனே. ஆம்பளப் புள்ளையா இருந்தா செத்துப் போன எங்க நைனா பேரு, பொட்டப் புள்ளையா இருந்தா மாதா பேருன்னு. யாராண்டயும் சொல்லக் கூடாது, கண்ணு பட்டுடும்னேன். நீ சிரிச்சே.

— விக்டோரியா, வோணாம்...

— இத்தப் பாரு, நீயே படி. ‘ஜெயராஜ், வயது நான்கு. மேரி, வயது இரண்டு’.

— எனக்கு வேற பேரே ஞாபகம் வரலமே...

— கொடிய எடுத்துக்கினு கெளம்பு, லாரி நிக்கிது. நாளைக்கி எங்கண்ணன் வந்தா நானே முன்னால நடக்கறேன், ஆனா மலடியாப் போவ மாட்டேன், இந்தக் காயிதத்துல கீற என் புள்ளைங்க ரெண்டையும் கையோட இட்டுக்கினுதான் போவேன்.