வெடிக்காத குழி

— இங்க வேணாம் பாய். வெளிய வாங்க. வண்டியை எடுங்க, போயிக்கினே சொல்றேன்.

— இன்னா கன்னியம்மா, வந்ததும் வராததுமா விரட்டுற? மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்குது. உள்ள வந்து ஃபேன்கிட்ட உக்காரு. பசங்க அந்த வெல்டிங்கை முடிக்கட்டும், டீ வாங்கியாரச் சொல்றேன்.

— நான் உள்ள வரல. நம்ம குவாரியில வெடிமருந்து வச்ச ஒரு குழி வெடிக்கல பாய். ஜோதி அதும்மேல போய் உக்காந்துகிச்சு.

— மேலயா? பக்கத்துலயா?

— மேலயே. குழி வாயை மறைச்சு, காலை நீட்டி உக்காந்துகினு இருக்குது.

— யா அல்லா. ஏறு, ஏறு தங்கச்சி. டேய், கடையைப் பாத்துக்கங்கடா. நான் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போறேன்.

— நானே கதவைச் சாத்திக்கிறேன் பாய், நீங்க அடிச்சுச் சாத்தாதீங்க. எனக்கு உசுரே போவுது.

— எனக்கு மட்டும் இன்னா? கடைச் சாவியை வண்டியில போட்டு முறுக்கிகினு இருக்கேன். ஏம்மா, உங்க சங்கத்துக்குப் பாறையைக் குத்தகைக்கு வாங்கிக் கொடுத்து, கம்ப்ரசரு, ஹெல்மெட்டு, மூஞ்சிக்கு மாஸ்க்குனு லாரியில எறக்கினாங்களே அந்த டிரஸ்ட்டுக்காரங்க, அவங்க என்னை எதுக்கு உங்ககிட்ட அனுப்பினாங்க? கத்துக் கொடுக்கத்தானே? முத நாளு இன்னா சொன்னேன்? எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க, வெடிக்காத குழிகிட்ட ஒருத்தரும் போகாதீங்கன்னு சொன்னேனா இல்லயா?

— ஜோதி மறக்கல பாய். மறக்காததாலதான் போய் உக்காந்துச்சு.

— இது இன்னா பேச்சு? புரியற மாதிரி சொல்லு.

— நீங்க மெதுவா ஓட்டுங்க, சொல்றேன். காலையில மிஷின்ல குழி போட்டாங்க. தண்ணி ஊத்திக்கினே, நீங்க காட்டின மாதிரி, தூசியே கம்மி. கம்ப்ரசர்கிட்ட ராமதாஸ் இருந்தான். எல்லாம் முடிஞ்சதும் ஜோதி அத்தினி பேரையும் கீழ அனுப்பிடுச்சு. தொணைக்கு என்னை மட்டும் வச்சுகிச்சு. மருந்துத் தோட்டாவுல, ஒரு தட்டு பட்டாலே வெடிக்கிற அந்தக் கேப்பைச் சொருகும், குழியில எறக்கும், மரக்குச்சியால பதனமா தள்ளும், மேல களிமண்ணு வைக்கும். கொழந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரி செய்யும் பாய் அது. நான்தான் ரெண்டடி தள்ளியே நின்னேன்.

— ஜோதி கை நிதானமான கை. அதனாலதான் வெடி வைக்கிற லைசென்ஸ் பரீட்சைக்கு அதோட பேரைக் கொடுத்தேன். கட்டின புருஷன் பரசுராமனே மூஞ்சியைத் தூக்கி வச்சுகினு திரிஞ்சான், தெரியும். மேல சொல்லு.

— அவன் என் தம்பின்னு சொல்லிக்கவே கூச்சமா இருக்குது. கொடி காட்டி, விசில் அடிச்சு, எல்லாரும் மறைப்புக்குப் போனோம். ஜோதி பட்டனை அமுக்குச்சு. வரிசையா வெடிச்சுது. பொகை அடங்கினதும் ஆளுங்க எழுந்தாங்க. ஜோதி எல்லாரையும் உக்காரச் சொல்லுச்சு. ஒரு சத்தம் கொறையுதுன்னு சொல்லுச்சு. பரசுராமன் சிரிச்சான். உனக்குக் காது அடைச்சுப் போச்சுடின்னான். நீங்க சொன்ன நேரம் வரைக்கும் காத்திருந்துட்டு, தூரமா நின்னு பாத்துச்சு. மூலையில இருக்குற கடைசிக் குழி. வச்ச மண்ணு வச்சபடியே இருந்துச்சு.

— ஒயரு?

— ஒயரும் வெளிய தெரிஞ்சுது.

— அப்ப மருந்து உள்ளயே நிக்குது. ம். சொல்லு.

— இன்னிக்கு யாரும் மேல போகக் கூடாது, சர்தார் பாய் வந்துதான் எல்லாம்னு ஜோதி சொல்லுச்சு. அங்கதான் பேஜாராயிடுச்சு. ரமணாசிரமம் பக்கத்துல யாரோ லாட்ஜ் கட்டுறாங்க, அவங்க லாரி வந்து நிக்குது. சங்கத்துக்கு முத ஆர்டர். டிரைவர் கத்துறான், கல்லு இல்லன்னா மிஷின்ல ஜல்லி ஒடைக்கிற கிரஷருக்குப் போயிடுவேன்னு. ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாரும் ஜோதியைப் பாக்குறாங்க. அது அசையல. பரசுராமனுக்கு ரோஷம் வந்துடுச்சு. காண்ட்ராக்டர் காலத்துல இந்த மாதிரி எத்தினி நோண்டி எடுத்திருக்கோம், பொம்பளைப் பேச்சைக் கேட்டுகினு உக்காரவான்னு சொல்லிட்டு, கடப்பாரையைத் தூக்கினான்.

— அறிவு கெட்டவன். இரும்பையா எடுத்தான்?

— இரும்புதான். என் வூட்டுக்காரரும் இரும்பைத்தானே எடுத்தாரு.

— திருமலையா?

— ஆமா. வெடிக்காத குழியை நோண்டப் போனவருதான். நான் அன்னிக்குக் கீழ ஜல்லி ஒடைச்சுகினு இருந்தேன். சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடினாங்க. என்னைப் பாக்கவே விடல. அவரு துண்டுலயே கட்டிக் கொண்டாந்தாங்க பாய். துண்டு போதுமா இருந்துச்சு.

— அழாதே தங்கச்சி. பழசை இப்ப எடுக்காதே.

— பழசு இல்ல. ஜோதி அப்பதான் கல்யாணமாகி வந்த புதுசு. அந்தத் துண்டை அது கண்ணால பாத்துச்சு. அதான் இன்னிக்குப் பரசுராமன் கடப்பாரையோட மேல ஏறினதும், கூடவே ஓடுச்சு. நான் கீழேருந்து பாக்குறேன். அவனுக்கு முந்திப் போய், குழி மேல தொப்புன்னு உக்காந்துடுச்சு.

— அவன் இன்னா பண்ணான்?

— எழுந்திருடின்னான். கையைப் புடிச்சு இழுத்தான். அது பாறையை இறுக்கிப் புடிச்சுகிச்சு. அப்பால ஒண்ணு சொல்லுச்சு பாய். சத்தமாகூடச் சொல்லல, ஆனா பாறையில மோதி எல்லாருக்கும் கேட்டுச்சு. "கடப்பாரையை எறக்கணும்னா என் மேல எறக்கு. துண்டுல கட்டுறதா இருந்தா நம்ம ரெண்டு பேரையும் சேத்துக் கட்டட்டும்"னு.

— அடப்பாவமே. நீ இன்னா பண்ண?

— நின்னேன். மரம் மாதிரி நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், சொல்ல வரல. ஓடி வந்து பஸ் ஏறிட்டேன். பௌர்ணமி கூட்டம், ஜன்னல் வரைக்கும் ஆளு. கைக்கொழந்தையைத் தூக்கினு ஒரு பொண்ணு என் மேலயே சாஞ்சுகினு வந்துச்சு. நான் சாமியெல்லாம் கூப்பிட்டுகினு வந்தேன்.

— ஏன்ம்மா, ஒரு போன் அடிச்சிருந்தா நானே வந்திருப்பேனே. நீ எதுக்கு இம்மாந்தூரம்?

— போன்ல சொல்ற விஷயம் இல்ல பாய்.

— சரி. இப்ப ராமதாஸுக்குப் பண்ணி, அதை முதல்ல எறங்கி வரச் சொல்றேன். நம்ம போய்ச் சேர்றதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?

— போன் எடுக்காதீங்க. பாய், கையெடுத்துக் கும்புடுறேன், போன் வேணாம்.

— ஆமா, ஆமா. மருந்துகிட்ட போன் கூடாதுன்னு நான்தானே பாடம் எடுத்தேன். அவன் குழிகிட்ட நின்னா வம்பு. பாரு, எனக்கே புத்தி கலங்கிப் போச்சு. அட, அவனே அடிக்கிறானே.

— அமுத்திடுங்க.

— இருக்கட்டும், இன்னா ஆச்சோ தெரியல. ஹலோ, ராமதாஸு? எங்க நின்னு பேசுற?

— பாய், நான் கீழ மெயின் ரோட்டாண்ட வந்துதான் பேசுறேன். மேல போன் எடுத்துகினு போகல. கன்னியம்மா அக்கா உங்ககிட்ட வந்துச்சா?

— இங்கதான், பக்கத்துல இருக்குது. ஜோதி எறங்குச்சா?

— இல்ல பாய். ஆனா பரசுராமன் அண்ணன் கடப்பாரையைத் தூக்கிப் பள்ளத்துல வீசிட்டாரு. அப்பால அவரும் போய் அண்ணி பக்கத்துல உக்காந்துகினாரு. அண்ணன் அழுவுறாரு பாய். நான் அவரை இப்படிப் பாத்ததே இல்ல.

— அவன்தான் வீசிட்டானே, அப்பால எதுக்கு உக்காந்திருக்காங்க? எறங்கச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு.

— சொன்னேன். லாரிக்காரன் இன்னும் போகல, நாலு ஆளுங்களைச் சேத்துகினு நிக்கிறான். நாங்க எழுந்தா வேற எவனாவது வந்து நோண்டுவான், பாய் முகத்தைப் பாத்தப்புறம்தான் எழுந்திருப்போம்னு அண்ணி சொல்லிடுச்சு. இன்னொண்ணும் சொல்லச் சொல்லுச்சு.

— இன்னா?

— கடைசிக் குழிக்கு மருந்து போட்டது தான்தான்னு சொல்லச் சொல்லுச்சு. கன்னியம்மா அக்கா பக்கத்துலயே வரலயாம். ஆபீஸர் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுமாம். லைசென்ஸ் போனா போகட்டும், புருஷனைப் பறிகொடுத்தவ மேல பழி போடக் கூடாதுன்னு சொல்லுச்சு. சிக்னல் கம்மியா கீது பாய், வச்சிடட்டா?

— வை. யாரையும் மேல விடாதே. நான் வந்துகினே இருக்கேன்.

— பாய், போனை அணைச்சுட்டீங்களா?

— அணைச்சுட்டேன். கன்னியம்மா, என்னைப் பாரு. அந்தக் குழிக்கு மருந்து போட்டது நீயா?

— ஜோதிதான் சொல்லுச்சு. அக்கா, இந்த ஒரு குழியை நீ போடு, போட்டுட்டா மனசுல இருக்குற பயம் போயிடும்னு. நல்ல மனசோடதான் சொல்லுச்சு. எனக்கும் ஆசைதான் பாய். அதை மாதிரி நானும் தலையில ஹெல்மெட்டை மாட்டிகினு, விசில் அடிச்சு, எல்லாரையும் உக்கார வைக்கணும்னு. கேப்பு சொருகின தோட்டாவை என் கையில கொடுத்துட்டு, அது ஒயரைக் கட்ட அந்தாண்ட போச்சு.

— சரி, போட்ட. மொத தடவை. ஒயரைச் சரியா முறுக்கியிருக்க மாட்ட, இல்ல எறக்கும்போது கேப்பு நழுவியிருக்கும். எங்கயும் நடக்குறதுதான். இதுக்கா இம்மாம் பயப்படுற? பக்கத்துல தள்ளி இன்னொரு குழி போட்டு வெடிச்சா, அதுவும் சேந்து போயிடும். நான் இருக்கேன்ல?

— வண்டியை ஓரம் கட்டுங்க பாய்.

— இன்னும் பாதி தூரம் கெடக்குது.

— பள்ளம் ஏதும் இல்லாத எடமா பாத்து, மெதுவா ஓரம் கட்டுங்க. ஆளுங்க இல்லாத எடமா.

— வாந்தி வருதா? இந்தா, இந்தப் புளியமரத்தாண்டயே நிறுத்திட்டேன். எறங்கு.

— எறங்க பயமா இருக்குது. அந்தக் குழியில ஒண்ணுமே இல்ல பாய்.

— இன்னா சொல்ற?

— நான் மருந்தே போடல. தோட்டாவைக் கையில வாங்கினதும் அந்தத் துண்டுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. கை எறங்கல. ஒரு முழ ஒயரை மடிச்சு, ரெண்டு முனையும் வெளிய தெரியற மாதிரி மண்ணுக்குள்ள சொருகிட்டேன். ஜோதி திரும்பி வந்து போட்டாச்சாக்கான்னு கேட்டுச்சு. போட்டாச்சுன்னேன். அதுவும் நம்பி, வெளிய தெரிஞ்ச முனையில மத்த ஒயரைக் கட்டிடுச்சு.

— அப்ப ஜோதி உக்காந்திருக்குறது வெறுங்குழி மேலயா?

— வெறுங்குழி. மண்ணுதான்.

— அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ். எம்மா, என் நெஞ்சே நின்னு போச்சும்மா. இதை அங்கயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

— எப்படிச் சொல்றது? அத்தினி பேரு எதிர்ல பொம்பளைங்க வேலையே இப்படித்தான்னு சிரிச்சிருப்பாங்க. ஜோதி தலை குனிஞ்சிருக்கும். இப்ப எனக்காக லைசென்ஸையே விடுறேன்னு சொல்லுதே பாய், இனிமே நான் எப்படி மூடி மறைப்பேன்?

— விடு, விடு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நானே ஜோதிகிட்டப் பேசுறேன். கண்ணைத் தொடை. ஆனா ஒண்ணு, கேப்பு சொருகின தோட்டாவைப் பாறையில எங்கயும் போட்டுட்டு வந்துடலயே? வெயில் ஜாஸ்தி, ஆளுங்க மிதிப்பாங்க. எங்க வச்ச?

— போட எடம் தெரியல.

— கன்னியம்மா, எங்க வச்ச?

— என் இடுப்பு மடியிலயே இருக்குது பாய்.